நுயிக்குக் குறைத்த ஆண்டுகள்

"மூணு போதும்னு சொல்றேன்ல! நம்ம வீட்டுப் பொண்ணு செஞ்ச தப்ப நாமளே வந்து கூட்டத்துல சொன்னா மூணுதான். எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா? நீ இந்தக் கூட்டத்துக்கு வர ஆரம்பிச்சே பதினேழு வருஷம்தான் ஆவுது. எனக்கு 'எப்பவும்' சொல்லித் தர வந்துட்டியா? ஏழு. அதுல ஒண்ணு குறையாது."

"ஏழு போட்டா அந்தப் புள்ள போயிடும் தகே அக்கா. அதுக்கு அஞ்சு வயசு."

"புள்ள எங்கயும் போகாது. அது பாட்டுக்குக் கஞ்சியக் குடிச்சிட்டு வளரும். போறது இவதான். போகட்டுமே, என்ன இப்போ?"

கமிசுகா கோவில் மண்டபத்தில் அறுபத்துமூன்று பெண்கள் மடியில் மூன்று தந்தி ஷாமிசெனை வைத்துக்கொண்டு இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் மாதம், வாத்தியம் ஏந்திய பென்தென் தெய்வத்துக்குப் பூசை நாள். எச்சிகோ நாட்டில் பனி உருகியதும் வீடுவீடாகப் போய் ஷாமிசென் மீட்டிப் பாடுகிற, கண் தெரியாத கோசேப் பெண்கள் எல்லாரும் அன்றைக்கு ஒன்றுகூடுவார்கள். கோவில் சாமியார் அவர்களுடைய சங்கத்து விதிகளை வாசிப்பார். ஆணோடு போனவளுக்குச் சங்கத்தில் இருந்த ஆண்டு குறைக்கப்படும் என்பது நான்காவது விதி. மற்ற ஊர்ச் சங்கங்களில் ஆண்டைக் குறைத்தால் வரிசையில் பின்னால் தள்ளுவதோடு சரி. நேற்றுவரை தன்னை அக்கா என்றவளை இவள் அக்கா என்று கூப்பிட வேண்டும், சாப்பாட்டுத் தட்டு கடைசியில் வரும், அவ்வளவுதான். கமிசுகாவில் ஆண்டைக் குறைத்தால் உடம்பிலும் குறைந்தது. குமே என்பவளுக்கு ஐந்து குறைத்தபோது விழுந்த முன்பல் மறுபடி முளைத்தது, இடுப்பு வலி போயிற்று, ஐந்து வருஷத்தில் படித்த நாற்பது பாட்டும் விரலை விட்டுப் போயின. மாவட்டத்திலிருந்து ஒரு வைத்தியர் வந்து பல்லைத் தட்டிப் பார்த்து, நல்ல பல்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று என்று கத்தியவள் சவா. அவளுக்கு இடது கண்ணில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் உண்டு. ஆள் நிற்பது, ஆறு மின்னுவது, முகத்தின் வடிவம், இவ்வளவும் தெரியும். அதனால் இனே என்ற தலைவியிடம் பாட்டுப் படித்து ஒரே வீட்டில் வாழும் பெண்கள் ஊருக்குப் புறப்பட்டால் சவாதான் முன்னால் நடப்பாள். அவள் முதுகு மூட்டையில் கைவைத்து நுயி, நுயியின் மூட்டையில் கைவைத்து மற்றவர்கள். நுயி சவாவுக்கு ஒரு வருஷம் மூத்தவள், வயது இருபத்தைந்து. ஆறு வருஷத்துக்கு முன்னால், குரினோசவா ஊர் ஆற்றைக் கடக்கும்போது கென்சோ என்ற படகுக்காரன் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று சொல்லி நுயி சில மாதம் அந்த ஊரிலேயே தங்கிவிட்டாள். பட்டுப்புழு வளர்க்கும் தானே என்கிற பெண்ணின் வீட்டில் ஒமிட்சு பிறந்தாள். தானேவுக்குப் பிள்ளை இல்லை, வைத்துக்கொண்டாள். வருஷத்துக்கு இரண்டு தடவை நுயி அந்த வாசலுக்குப் போவாள். கோசே பாடினால் புழு நன்றாகத் தின்று கூடு கெட்டியாக வரும் என்பதால் எந்த வீட்டிலும் புழு அறைவரைக்கும் கூட்டிப்போவார்கள். தானே வீட்டில் அந்த அறையில் ஒரு குழந்தையும் உட்கார்ந்திருக்கும்.

வேறொரு வீட்டுப் பெண்களுக்கு இது தெரிந்துவிட்டது என்று அந்த வசந்தத்தில் சவா காதில் விழுந்தது. அடுத்த வீட்டுக்காரி கூட்டத்தில் எழுப்பினால் ஏழு, சொந்த வீட்டுக்காரி எழுப்பினால் மூன்று என்பது எழுதாத வழக்கம். மூன்று போனால் நுயிக்கு இருபத்திரண்டு வயசு ஆகும், அப்போதும் அவள் நினைவில் அவள் இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாய்தான். அதனால் சவா நுயியிடம்கூடச் சொல்லாமல் முந்திக்கொண்டு எழுந்து சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் நுயி அவள் கையைத் தேடிப் பிடித்தாள். "என்னடி செஞ்ச?" என்றாள்.

சண்டை மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் சொந்த வீட்டுத் தலைவி சொல்லட்டும் என்று விட்டார்கள். இனே அம்மா கெட்டவள் இல்லை. ஏழு வயதில் கொண்டுவந்து விட்ட நுயியைத் தன் போர்வைக்குள்ளே போட்டு வளர்த்தவள். நுயி தரையில் நெற்றி வைத்து, "அம்மா, என்னத் தொரத்தி விட்டுடுங்க. ஆண்டு மட்டும் தொடாதீங்க. எங்கயாவது தனியாப் பாடிப் பொழைச்சிக்கிறேன்," என்றாள்.

"தனியாப் போனவ முதல் பனியில வெறைச்சுப் போவா. அதுக்கா ஒன்ன வளத்தேன்?" என்றாள் இனே. பிறகு சாமியார் பக்கம் திரும்பினாள். "மூணு கொறைச்சா ஞாபகம் இருக்கும். திரும்பவும் அந்தப் படகுக்கே போவா, திரும்பவும் இங்க வந்து நிப்பா. ஏழு போட்ருங்க. மறந்துட்டா வலிக்காது."

சாமியார் ஏட்டில் எழுதினார். பூசைச் சோறு பரிமாறும் நேரத்தில் நுயியின் கன்னம் உருண்டு வந்தது. வயிற்றுத் தோலில் இருந்த கோடுகள் போயின. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு உண்டான பசி வந்து, அவரைக்காய்க் குழம்பை இரண்டாம் தடவை கேட்டாள். சவா தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "நீங்க சாப்பிடலையா அக்கா?" என்று நுயி கேட்டாள். அக்கா என்று கூப்பிடச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

தனக்கு ஏழு குறைத்திருக்கிறார்கள் என்பது நுயிக்குத் தெரியும். எதற்கு என்று தெரியாது. குறைத்ததைப் பற்றி அவளிடம் பேசக்கூடாது என்று இனே சவாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆனால் ஷாமிசெனிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை, அதன் ஆண்டையும் யாரும் குறைக்கவில்லை. தந்தியை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் விரல் ஓடும் மரத் தண்டியில் பள்ளம் விழும். ஐந்து வருஷமாக நுயி எல்லாரும் வேலையாக இருக்கும்போது தட்டும் தகட்டை எடுக்காமல் வெறும் நகத்தால் ஒரு தாலாட்டை மீட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பெறாதவர்களின் சங்கத்தில் தாலாட்டுக்கு இடமில்லை, அதனால் அந்தப் பாட்டு வேறு யார் தண்டியிலும் பள்ளம் போட்டதில்லை. பதினெட்டு வயது நுயியின் விரல் அந்தப் பள்ளங்களில் விழுந்தது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தானாக வழுக்கிப் போனது. மூன்றாம் நாள், படிக்காத ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டாள்.

"இது யாரு பாட்டுக்கா?"

"ஒன்னோடதுதான்," என்றாள் சவா. சத்தியத்தில் அவ்வளவு இடம்தான் இருந்தது.

அந்த வருஷம் இலையுதிரும் மாதத்தில் குரினோசவாவுக்குப் போனார்கள். புழு அறையில் நுயி எல்லாப் பாட்டையும் பாடி முடித்துவிட்டு, விரல் போன போக்கில் தாலாட்டை மீட்டினாள். ஒமிட்சு ஓடிவந்து வழக்கம்போல மடியில் ஏறிக்கொண்டது. நுயி பயந்து ஷாமிசெனை உயரத் தூக்கிப் பிடித்தாள். "யாரு வீட்டுக் கொழந்தைங்க இது? எவ்வளவு கனம்! நல்லாச் சாப்பாடு போடுறீங்கம்மா," என்று தானேவிடம் சொன்னாள். குழந்தை இறங்கவில்லை. நுயியும் இறக்கிவிடவில்லை. இன்னும் ஒரு வருஷம் அந்தப் பள்ளங்கள் இருந்தால் போதும், விரல் வழியாக மனசுக்கு ஏறிவிடும் என்று சவா நம்பினாள். அவள் வாழ்க்கையில் அப்படி நம்பிய மாதங்கள் மொத்தம் நான்கு.

பனிக்காலத்தில் இனே அந்தத் தாலாட்டைக் கேட்டுவிட்டாள். வருஷாவருஷம் செய்கிற வேலைதான் என்று நுயியின் ஷாமிசெனை வாத்தியக்காரரிடம் அனுப்பினாள். அவர் தண்டியை இழைத்து மட்டமாக்கினார். சீவலை அடுப்பில் போட்டபோது இரண்டு வரி தாலாட்டு கேட்டது என்றும், அதைக் கேட்டு நின்றதில் அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது என்றும் அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொன்னாள். குடத்துக்குப் புதுத் தோல் போட்டு, தந்தி முறுக்கும் பிரடையை இறுக்கி, ஷாமிசென் திரும்பி வந்தது. நுயி தண்டியைத் தடவிப் பார்த்து, வழவழவென்று நன்றாக இருக்கிறது என்றாள். வாத்தியக்காரருக்கு நன்றி சொல்லி அனுப்பினாள்.

இனே ஒன்றைத் தப்பாக நினைத்திருந்தாள். மறந்தால் வலிக்காதுதான். ஆனால் ஏழு வருஷத்தை எடுத்தால், இதெல்லாம் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற புத்தியும் சேர்ந்துதான் போகிறது. மிச்சம் இருப்பது பதினெட்டு வயது. அடுத்த வசந்தத்தில் வெள்ளம் ஏறிய ஆற்றில் கென்சோவின் படகில் ஏறினார்கள். அவளைப் பார்த்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்புப் போட்டான்.

"ஏன் படகுக்காரரே மூக்க உறிஞ்சிட்டே இருக்கீங்க, சளியா?" என்றாள் நுயி.

"ஆமா, சளிதான்."

"இஞ்சி போட்டுக் குடிங்க. ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் யாராவது சொல்லணும்."

இறங்கும்போது அவன் அவள் கையைப் பிடித்தான். சவா பார்த்தாள். வேறு துறையில் போகலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப்பார்த்தாள். ஆனால் அந்த ஆற்றுக்கு வேறு துறை இல்லை. ஆண்டு குறைத்ததிலிருந்து மூன்றாம் வருஷம் நுயிக்கு ஒரு பையன் பிறந்தான். பட்டுப்புழு வீட்டுத் தானே அவனையும் வைத்துக்கொண்டாள். ஐந்தாம் வருஷம் அம்மை வார்த்து அவன் போய்விட்டான். நுயி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். ஷாமிசெனைக் கையில் கொடுத்தால் குப்புறத் திருப்பி மடியில் வைத்துக்கொள்வாள். ஆறாம் வருஷக் கூட்டத்தில் யாரும் சண்டை போடவில்லை. முன்பு ஏழு என்று எழுதியிருந்தது, அதே ஏழை எழுதினார்கள். இருபத்துநாலு வயது நுயி பதினேழானாள், குழம்பு கேட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்த பெண்கள் அந்த மாவட்டத்தில் நிறையப் பேர். துக்கத்தைச் சுத்தமாக இறக்கி வைத்தவள் நுயி ஒருத்திதான். அவளைப் பார்த்து வயிறெரிந்தவர்களும் உண்டு. "நமக்கும் யாராச்சும் கொறைச்சு விட்டா என்ன?" என்று தானேவே ஒரு தடவை கேட்டாள். அந்தப் பையனுக்கு அம்மை வார்த்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள்.

அடுத்த வசந்தத்தில், மூன்றாவது தடவையாக அவனை யாரோ புதியவன் என்று நினைத்துப் படகேறியபோதும் நுயி சளியா என்று கேட்டாள், இஞ்சி போடச் சொன்னாள். கென்சோவுக்கு அப்போது நாற்பது. அவன் சிரித்துவிட்டான், பிறகு துடுப்பை விட்டுவிட்டு அழுதான், படகு அரைக்கல் தூரம் கீழே போய்விட்டது. அந்த முறை பிள்ளை இல்லை. ஆனாலும் தெரிந்துபோய், பதின்மூன்றாம் வருஷம் இருபத்துநாலு மறுபடி பதினேழானது. அடுத்த ஆண்டு பனி உருகும்போது கென்சோ ஆற்றோடு போய்ச் செத்தான். நுயி அந்தச் சேதியைக் கேட்டு, "ஐயோ பாவம், யாரு?" என்றாள். புதுப் படகுக்காரனுக்கு எழுபது வயசு. அதற்குப் பிறகு நுயிக்கு ஆண்டு எதுவும் குறையவில்லை.

இதற்குள் ஒமிட்சு வளர்ந்துவிட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, வளர்த்தவளான தானே எல்லாவற்றையும் சொன்னாள். அதற்கு முந்தின வருஷம்தான் வாசலில் பாட வந்த பெண் ஏழு வருஷம் சின்னவளாகி வந்து நின்றதை ஒமிட்சு பார்த்திருந்தாள், அதனால் நம்ப வைக்கச் சிரமம் ஏற்படவில்லை. பதினெட்டு வயதில் ஒமிட்சு கதவைத் திறந்தபோது அவளைப் பெற்றவளுக்குப் பதினேழு வயது. அரிசிப் படியை நீட்டினாள். "நன்றிங்க அக்கா," என்றாள் நுயி. சவாவுக்கு இருந்த வெளிச்சத்தில் இரண்டு முகமும் ஒரே முகமாகத் தெரிந்தன. உள்ளே நிற்பது எது, வெளியே நிற்பது எது என்று அவள் ஒரு நிமிஷம் குழம்பினாள்.

இருபதாம் வருஷம் கோசேப் பெண்கள் குரினோசவாவுக்குள் நுழைந்த காலையில் கல்யாணமான ஒமிட்சுவுக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி. பழைய ஷாமிசென் தந்தியை இடுப்பில் கட்டினால் பிரசவம் சுலபமாகும் என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுண்டு. மருத்துவச்சி வாசலுக்கு ஓடிவந்து கேட்டாள். யார் கொடுப்பது என்று சவா வாயைத் திறப்பதற்குள் நுயி மூன்றாம் தந்தியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பட்டுத் தந்தி, வேர்வையில் பழுத்தது. அவளே தடவித் தடவிக் கட்டினாள். ஒமிட்சு அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா! அம்மா!" என்று கத்தினாள். வலியில் எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள் என்பதால் மருத்துவச்சி வெந்நீரைக் கவனித்தாள்.

"வந்துடுவாங்க, வந்துடுவாங்க," என்றாள் நுயி. "அம்மா கிட்டதான் எங்கயாவது இருப்பாங்க. நீங்க மூச்ச விடுங்க அக்கா."

வாசலில், வளர்த்த தாயான தானே, கையில் நனைத்த துணியோடு, உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. நுயியின் மணிக்கட்டில் பத்து நாள் வரைக்கும் விரல் தடம் இருந்தது.

முந்தின பனிக்காலத்தில் இனே செத்துப்போயிருந்தாள். சத்தியம் யாரிடம் செய்தாளோ அவள் இல்லை. ஊரைத் தாண்டியதும் முசுக்கட்டைத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து, சவா முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். கூட்டத்தில் எழுந்து சொன்னது தான்தான் என்பதையும், மூன்று என்று நினைத்துச் சொன்னதையும், படகையும், பையனையும், தாலாட்டையும், தண்டியை இழைத்ததையும் சொன்னாள். மற்றவர்கள் மூங்கில் இலையில் கட்டிய கொழுக்கட்டையைத் தின்றுவிட்டு ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று முணுமுணுத்தார்கள்.

"நீங்க சொன்னா நெசமாத்தான் இருக்கும் அக்கா," என்றாள் நுயி. "நீங்க என்னைய இதுவரைக்கும் ஒரு பள்ளத்துலகூட விழ விட்டதில்ல. ஆனா நான் பெறலையே. அவ பெத்தா. அந்த நுயிய எனக்குத் தெரியாது. கொறைச்சு எடுத்துட்டாங்கல்ல, அவ எங்க போனாளோ." கையை வயிற்றில் வைத்துப் பார்த்தாள். "தேடித்தான் பாக்கறேன். ஒண்ணும் இல்ல. வழிச்ச சட்டி மாதிரி இருக்கு."

"எம் மேல கோவமாவது படேன்."

"எதுக்குக் கோவப்பட? கோவப்படறதுக்கு உரிய ஆளு அவதானே."

சவா எழுந்து மூட்டையைத் தூக்கினாள். நுயி அதில் கைவைத்தாள். நடந்தார்கள்.

அதற்கடுத்த வருஷம் போனபோது நுயி முறையாக ஒமிட்சு முன்னால் உட்கார்ந்து, தலை தாழ்த்தி, தெரியாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும் என்று சொன்னாள். பக்கத்து வீட்டுத் தோட்டத்தை மிதித்துவிட்டவர்கள் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது அது. ஒமிட்சு குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். நுயி நன்றாகத்தான் வைத்துக்கொண்டாள், கனமாக இருக்கிறது என்றாள். அவர்கள் புழு அறையில் பாடிக்கொண்டிருந்தபோது சவா சமையலறைக்குப் போய் ஒமிட்சுவிடம் நின்றாள். அவள் முள்ளங்கியை நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நெறைய யோசிச்சிட்டேன் பெரியம்மா. அம்மான்னு கூப்ட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கிறா. தங்கச்சின்னு கூப்ட்டா சிரிக்கிறா. அதான் தங்கச்சின்னே கூப்பிடறேன்."

குரினோசவாவில் இப்போது அது பழகிவிட்டது. தாய்க்கு முப்பத்தொன்று, மகளுக்கு முப்பத்திரண்டு. வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர்காலத்தில் ஒரு தடவை இரண்டு பேரும் ஒரு வாசலில் நின்று மழையைப் பற்றியும் புழுவைப் பற்றியும் பேசுகிறார்கள். புதிதாக ஊருக்கு வாழ வந்த மருமகளுக்குக் கிணறு எங்கே இருக்கிறது என்று காட்டும்போதே இதையும் சொல்லிவிடுகிறார்கள்.

சவாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இடது கண் வெளிச்சமும் போய்க்கொண்டிருக்கிறது, முன்னால் நடக்க வேறு ஆள் பார்க்கிறார்கள். இனேவின் இடத்தில் இப்போது அவள்தான் தலைவி. இந்த வருஷக் கூட்டத்தில் சாமியாரிடம் விதி ஏட்டை இரண்டு தடவை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். குறைக்க விதி இருக்கிறது, எத்தனை குறைக்கலாம் என்று இருக்கிறது. குறைத்ததைத் திருப்பிக் கொடுக்க ஒரு வரியும் இல்லை. "இல்லாதத நான் எப்படிம்மா வாசிப்பேன்?" என்றார் அவர். நுயிக்கு எடுத்தது மொத்தம் இருபத்தொரு வருஷம். அதில் ஒமிட்சு பிறந்த முதல் ஏழு கிடைத்தால் போதும் என்கிறாள் சவா. பதிலுக்குத் தன்னுடையதிலிருந்து ஏழு எடுத்துக்கொள்ளட்டும் என்கிறாள், அதற்கும் விதி இல்லை.

இதை வாசிப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊரில், உங்கள் பக்கத்துச் சங்கத்தில், கோவிலில், எந்தப் பழைய ஏட்டிலாவது, குறைத்த ஆண்டைத் திருப்பிப் போட விதி இருக்கிறதா? யாருக்காவது திருப்பிப் போட்டதாகக் கேள்விப்பட்டாவது இருக்கிறீர்களா? இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். இல்லை என்றாலும் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். சவா, இனே வீடு, கமிசுகா என்று போட்டால் வந்து சேரும். அவளால் வாசிக்க முடியாது, யாராவது வாசித்துக் காட்டுவார்கள்.